பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த எண்

ஐந்து மணிக்குள் போனோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாட்ச்மேன் இரண்டு மணிக்கே ரிப்பேர்க் கடையில் வந்து நின்றார். அவர் வைத்திருக்கும் பட்டன் போன் யாரிடமோ திருடப்பட்டதாம். ஆறு மணிக்குக் காவலுக்குப் போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் தயார்.

ரிப்பேர்க்காரி போனை வாங்கிப் பார்த்தாள். போன மாதம் வாளித் தண்ணீரில் விழுந்த போன் அது. போர்டு செத்துவிட்டதால், காயலான் கடையில் மூட்டையாக வாங்கிய போன்களில் ஒன்றின் போர்டை எடுத்து மாட்டினாள். எதை மாட்டினாலும் போனிலேயே அழுத்தி அதன் ஐ.எம்.இ.ஐ. அடையாள எண்ணை வரவழைத்து, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பாள். அன்று கும்பல். பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த தாளின் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். அது வாட்ச்மேனின் செத்த போர்டின் எண். தாள் போனின் வெளிக்கூட்டோடு இருக்கும்; எண் போர்டோடு போகும். ஊருக்கே சொல்கிறவள் தானே மறந்தாள்.

கடையில் உதவிக்கு இருந்த கொழுந்தன் கம்ப்யூட்டரைத் திறந்தான். வீடியோ பார்த்தே மேதையானவன்.

"அஞ்சு நிமிஷம் அண்ணி. நம்பரை மாத்திட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"கண்டுபிடிச்சுத்தானேடா கூப்பிட்டிருக்காங்க? இவர் சிம் எந்த நம்பர்ல ஓடுச்சுன்னு கம்பெனியில பதிவாகியிருக்கு. இப்ப மாத்துனா திருடாதவர் திருடனாயிடுவாரு."

மாற்றிவிடும்மா என்று வாட்ச்மேன் கெஞ்சினார். அவருக்கு வேலைதான் கண்ணில் நின்றது.

"மாத்த மாட்டேன் அண்ணே. போன் வாங்குன பெட்டி வீட்ல இருக்கா? எடுத்துட்டு வாங்க. நானும் வரேன்."

கழற்றிய போர்டுகளை அவள் எறிவதில்லை. பெயர், தேதி எழுதிய உறைகளில் இருந்து வாட்ச்மேனுடையதை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ஏட்டு பெட்டியில் இருந்த எண்ணையும் பேட்டரிக்கு அடியில் இருந்த தாளையும் பார்த்தார். ஒரே எண். போனில் அழுத்திப் பார்த்தார். வேறு எண். உறையைப் பிரித்துச் செத்த போர்டைப் புரட்டினார்.

"இதை மாட்டுனது யாரு?"

"நான்தான். பாக்காம மாட்டிட்டேன்."

வாட்ச்மேனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஆறு மணிக் காவலுக்கு அவர் ஓடினார். போன் அங்கேயே இருந்தது; அவளும் இருந்தாள். காயலான் கடைக்காரன் வரும்வரை அவள் நகரக் கூடாது.

பெஞ்சில் இருந்தபடியே கொழுந்தனுக்குப் போன் போட்டாள். கடையை மூடிவிடவா என்றான்.

"மூடாதே. அந்த மூட்டையைக் கொட்டி ஒவ்வொண்ணா நம்பரைப் பாத்து எழுது. தாள்ல இல்ல. போன்ல."