கைநாட்டுக்குப் பாஷை இல்லை

எலியா கையும் கல்லுமாகப் பிடிபட்டவன். அதை மறுக்க அவன் நினைக்கவும் இல்லை. ஐம்பத்துநாலில் பாறசாலை எல்லைப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் வளைத்த பதினோரு பேரில் பத்துப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள். எலியாவுக்கு மட்டும் அண்ணன் இருந்தார்.

அண்ணன் ஞானசிகாமணி மிஷன் பள்ளி வாத்தியார். தம்பியை ஜெயிலிலிருந்து காப்பாற்ற, அவனுக்குப் புத்தி சுகமில்லை என்று கோர்ட்டில் மனு எழுதிக் கொடுத்தார். டாக்டர் அண்ணனைக் கேட்டார். மாஜிஸ்திரேட் டாக்டரைக் கேட்டார். வராந்தாவில் நின்ற எலியாவை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கஞ்சி ஊற்றினார்கள்.

மூன்று மாதத்தில் பத்துப் பேரும் மாலையோடு வீடு திரும்பினார்கள். ஜெயிலுக்குத் தவணை உண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிடையாது. டாக்டர் சம்மதிக்க வேண்டும், சேர்த்தவரே கையெழுத்திட்டுக் கேட்கவும் வேண்டும்.

அதற்குள் அண்ணன் சபை நடுவே சத்தியம் செய்திருந்தார்: தங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழகத்தோடு சேரும்வரை மலையாளக் காகிதத்தில் பேனா வைப்பதில்லை. விடுவிக்கும் படிவமோ மலையாளத்தில் இருந்தது. நல்லவேளையாக அவருடைய சம்பளப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது.

ஆய்வுக்கு வந்த பெரிய டாக்டரிடம் எலியா நடந்ததை அப்படியே சொன்னான். அவர் எழுதிக்கொண்டார்: காகிதத்தின் பாஷைக்காகச் சொந்த அண்ணனே தன்னைப் பூட்டிவைத்திருப்பதாக நோயாளி நம்புகிறான், குணமில்லை. எலியாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அதையும் எழுதுவாரே என்று விழுங்கினான்.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை போட்டார்கள். விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று; நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. ஊர் தமிழுக்காக அழுதது. எலியா தனக்காக அழுதான். அண்ணனின் சத்தியம் இனி எந்தக் காலத்திலும் தீராது.

அந்த வாரம் மனைவி ஆனந்தபாய் பார்க்க வந்தாள்.

"உங்க அண்ணன் அசைய மாட்டாரு. கர்த்தருக்கு முன்னால குடுத்த வாக்காக்கும்னு சொல்லுதாரு."

எலியா யோசித்தான். "பேனா வைக்க மாட்டேன்னுதானே சொன்னாரு? விரலு வைக்கலாமே. கைநாட்டுக்குப் பாஷை உண்டா?"

"வாத்தியாரு கைநாட்டு வைப்பாரா?"

"கேட்டுப் பாரு."

அடுத்த ஆய்வில் டாக்டர் அண்ணனைப் பற்றிக் கேட்டார்.

"அண்ணனுக்கு எழுத்து தெரியாது சாரே. அதான் கையொப்பு வரல்ல."

டாக்டரின் முகம் மலர்ந்தது. தெளிவு வந்திருக்கிறது என்று எழுதினார். பழைய மனுவில் அண்ணனின் அழகான கையெழுத்து கிடந்தது. அதை யார் புரட்டிப் பார்த்தார்கள்?

ஞானசிகாமணி பத்து நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். பிறகு பஸ் ஏறி வந்து, 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்ற வரிக்குக் கீழே பெருவிரலை அழுத்தினார். மையைத் துடைத்தபடி, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எலே, உன்னைக் காப்பாத்தத்தான் அன்னைக்கு அப்பிடிச் சொன்னேன்."

"தெரியும் அண்ணே."

குமாஸ்தா வெளியேறுவோர் பதிவேட்டை எலியா பக்கம் திருப்பினார். எலியாவின் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். கை தானாகப் பேனாவை எடுத்தது. குமாஸ்தா நிமிர்ந்து, அண்ணனின் கைநாட்டையும் அவன் கைப் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

எலியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மைப்பெட்டியை இழுத்துப் பெருவிரலை அழுத்தினான்.