கற்கால மனிதனின் இடது தோள்

1

இந்தக் கதை ஒரு கறுப்பு மைக்கறையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் தேவாலயத்துக்கு எதிரே மரத்தடியில் பழைய பதக்கம், பழைய கேமரா, பழைய தபால்தலை என்று பரப்பி வைத்து விற்கும் கிரிலிடம் ஒரு தபால்தலை வாங்கினேன். குகை வாசலில் ஒரு கற்கால மனிதன். இடுப்பில் தோலாடை, கையில் ஈட்டி, நெற்றியில் கூரைபோல முன்தள்ளிய புருவம். எழுபதுகளில் வந்தது. எஃகில் செதுக்கி அச்சிட்ட நல்ல வேலை. ஆனால் எந்தத் தபால்நிலையத்திலோ யாரோ ஓங்கிக் குத்திய முத்திரை, அவனுடைய இடது தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை ஒரே கறுப்பு.

"என்ன கிரில், தோளையே காணோம்?"

"முப்பதாயிரம் வருஷத்துப் பழைய ஆளு சார். ஒரு தோளு போனா என்ன இப்போ? மூக்கு இருக்கா பாருங்க. காது இருக்கா பாருங்க."

இருந்தன. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, அந்தக் கறுப்புக்கு அடியில் என்ன இருக்கும் என்ற யோசனை பிடித்துக்கொண்டது. அந்த யோசனைதான் இந்தக் கதை. (இந்தத் தபால்தலையைப் பட்டியல்களில் தேடாதீர்கள். கிரில் விற்பதெல்லாம் பட்டியலில் வராது.)

2

தொடங்குவதில்தான் சிக்கல்.

முதலில் இப்படி எழுதினேன்: *பால்கன் மலையின் குகையொன்றில், நெருப்பின் ஓரமாக அமர்ந்து, அவன் தன் ஈட்டியின் முனையைத் தீட்டிக்கொண்டிருந்தபோது தொலைவில் ஒரு*

தொலைவில் ஒரு என்ன? கரடியா, யானையா? அவனுக்கு ஒரு பெயர் வேண்டும், பெயருக்கு ஒரு மொழி வேண்டும். விட்டுவிட்டேன்.

பிறகு இப்படி: *நெவேனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.* இதுவும் பொய். அந்தத் தபால்தலையைச் செதுக்கிய நெவேனா அழுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவாள்.

ஆகவே எனக்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு தபால்தலையை எப்படிச் செதுக்குவது?

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய எஃகுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் முகம் குளத்து நீர்போல வழவழப்பாக இருக்க வேண்டும். அதில், தபால்தலை எந்த அளவோ அதே அளவில், சிற்றுளியால் கோடு கோடாகக் கீற வேண்டும். கோட்டின் பள்ளத்தில் மை தங்கும். தாளை அழுத்தினால் மை தாளுக்கு ஏறும். அச்சில் இடம் வலமாக விழும் என்பதால் எல்லாவற்றையும் திருப்பிச் செதுக்க வேண்டும். அதற்காகச் செதுக்குபவர்கள் மேசையில் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் கண்ணாடியில் தெரியும் படத்தைப் பார்த்தே வேலை செய்வார்கள்.

வேலை முடிந்ததும் அந்த எஃகை உலையில் காய்ச்சிக் கடினமாக்குவார்கள். பிறகு பெரும் அழுத்தத்தில் ஓர் உருளை அதன்மேல் உருண்டு படத்தை வாங்கிக்கொள்ளும். உருளையிலிருந்து அச்சுத் தகட்டுக்குப் படம் வரிசை வரிசையாக இறங்கும். இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: உலைக்குப் போகும்வரை எஃகு மெத்தென்று இருக்கும், பிழையைத் திருத்தலாம். பிழையான இடத்தைச் சுரண்டி, பின்புறத்திலிருந்து தட்டி மேடாக்கி, மெருகேற்றி, மறுபடி செதுக்கலாம். உலைக்குப் போய் வந்தபின் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

(அந்தக் கம்யூனிஸ்ட் நாட்களில் கடவுளை அச்சகத்துக்குள் விடமாட்டார்கள். அது வேறு கதை.)

3

நெவேனா அரசுத் தபால்தலை அச்சகத்தில் வெகுகாலமாக வேலை செய்தாள். அணைக்கட்டு செதுக்கினாள். டிராக்டர் செதுக்கினாள். தக்காளி செதுக்கினாள், அந்தத் தக்காளிக்குப் பாராட்டுக்கூட வந்தது. ஆனால் மனித முகம் மட்டும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. முகமெல்லாம் மூத்த ஆண்களுக்கு. தலைவர்களின் மீசையில் ஒரு மயிர் தப்பினால் பெரிய வம்பு ஆகிவிடும் என்பதால் மேலதிகாரிகளுக்குப் பயம்.

அப்போதுதான் "ஆதி மனிதர்" என்ற வரிசை வந்தது. குகை மனிதன், பானையோடு ஒரு பெண், நெருப்பருகே ஒரு குழந்தை. குகை மனிதனின் மீசை பற்றி யாருக்கும் புகார் இருக்காது. அதனால் நெவேனாவிடம் தந்தார்கள். முதலில் அந்த ஆண். நன்றாக வந்தால் மற்ற இரண்டும் அவளுக்கு. வராவிட்டால் மறுபடி தக்காளி.

பார்த்து வரைய ஆள் வேண்டுமே. அச்சகத்தின் வண்டியோட்டி ஸ்பாஸ் கண்ணில் பட்டான். கழுத்தில்லாத உடம்பு, புதர்போலப் புருவம்.

"ஸ்பாஸ், சட்டையைக் கழட்டிட்டு நில்லேன்."

"எதுக்கு நெவேனா அக்கா?"

"கற்கால மனுஷன் வேணும்."

"அதுக்கு என்னையா பிடிச்சீங்க? ஊர்ல வேற யாரும் கிடைக்கலயா?"

"தேடிப் பார்த்தேன். எல்லாரும் உன்னைத்தான் கை காட்டினாங்க."

திட்டிக்கொண்டேதான் கழற்றினான். காகிதக் கிடங்கில், இடுப்பில் ஆட்டுத்தோல், கையில் விளக்குமாற்றுக் கட்டை. அரை வேளை நின்றான். நடுநடுவே பனித்ஸா அடை வாங்கித் தின்று தோலெல்லாம் பாலாடைக்கட்டி உதிர்த்தான். அன்று மாலையிலிருந்து கண்ட கண்ட மதுக்கடையிலெல்லாம், "நான் தபால்தலை ஆகப்போறேன்" என்று சொல்லித் திரிந்தான். யாரும் நம்பவில்லை.

(ஸ்பாஸ்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது: கதைக்குத் தேவைக்கு மேல் இனிமையான ஆளாக வருகிறான். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்தால் அவனே வந்து சண்டை போடுவான்.)

4

நெவேனா செதுக்கினாள். பார்த்ததை எல்லாம் செதுக்கினாள். முழுக் கையும் அரிசி மணி நீளம்தான். அதிலும் தசை, நரம்பு, மயிர். மாதிரி அச்சு எடுத்து, ஒப்புதல் தரும் குழுவின் முன் வைத்தார்கள்.

குழுவில் அறிவுரையாளராகத் தொல்லியல் பேராசிரியர் திராகனோவ் இருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"தோழர் நெவேனா, இந்தத் தோள்ல ஒரு வட்டத் தழும்பு இருக்கே. இதை யார் சொல்லி வச்சீங்க?"

நெவேனா எட்டிப் பார்த்தாள். இடது தோளில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் புள்ளிகள். அவள் கைதான் அதை வைத்தது. ஏன் வைத்தது என்று அவளுக்கு அந்த நேரம் தெரியவில்லை. தோள் என்றால் அப்படித்தானே இருக்கும்?

"தெரியலை, தோழர் பேராசிரியர். கை தானா வச்சிருச்சு."

"அற்புதம்!" என்றார் அவர். "கலைஞருக்கு உள்ளுணர்வு இருக்கும்னு சொன்னா நம்ப மாட்டாங்க. இது சடங்குத் தழும்பு! நினைச்சுப் பாருங்க, தோழர்களே. ஏதோ ஒரு வயசுல குழந்தைகளை எல்லாம் வரிசையா நிக்க வைப்பாங்க. வெள்ளைச் சாம்பல் பூசின பெரியவர் ஒருத்தர், கூரான எலும்பால தோள்ல குத்துவார். குழந்தை அலறும். அம்மா பிடிச்சுக்குவா. அப்புறம் காய்ச்சல் வரும். புண் ஆறித் தழும்பு ஆனாத்தான் அந்தக் குழந்தை கூட்டத்துல ஒருத்தன். சாவு இனிமே அவனைச் சுலபமாத் தொடாதுன்னு ஒரு நம்பிக்கை."

குழுவிலிருந்த அத்தனை பேரும் மெய்மறந்து கேட்டார்கள். கேட்டுக்கொண்டே, தாங்கள் செய்வது தெரியாமல், ஒவ்வொருவரும் தங்கள் இடது தோளைத் தடவிக்கொண்டார்கள். பேராசிரியர் உட்பட.

தபால்தலையோடு வெளியிடும் விளக்கத்தாளில் அந்தச் சடங்கைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதாகவும் அவர் சொன்னார். மற்ற இரண்டு தபால்தலைகளும் நெவேனாவுக்கே என்று முடிவாயிற்று. எஃகுத் துண்டு மறுநாள் மதிய உணவுக்குப் பின் உலைக்குப் போக வேண்டும்.

5

மறுநாள் ஸ்பாஸ் காகிதம் இறக்க வந்தான். மாதிரி அச்சைக் காட்டினாள். பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணோடு ஒட்டிக்கொண்டான்.

"அடேயப்பா! நானேதான்! அக்கா, கெட்டிக்காரி நீங்க. அம்மை குத்தின தழும்பைக்கூட விடலையே!"

நெவேனா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்தாள். சீவ ஆரம்பித்தாள்.

இந்த நாட்டில் அந்தத் தழும்பு இல்லாத தோள் அவள் பார்த்ததில்லை. கடற்கரையில், குளியலறையில், மருத்துவமனையில், தன் கண்ணாடியில். தொப்புளைப் போல அதுவும் உடம்போடு வந்தது என்றே அவள் கை எண்ணிவிட்டது. குழுவின் கண்களும் அப்படியே எண்ணிவிட்டன. கற்கால மனிதனுக்கு அம்மை குத்தியாகிவிட்டது.

"என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

சொன்னாள். ஸ்பாஸ் சிரித்த சிரிப்பில் காகிதக் கட்டு ஒன்று சரிந்தது.

"சிரிக்காதே. வெளியிட்ட அன்னைக்கே எவனாவது ஒரு டாக்டர் கண்டுபிடிப்பான். ஊரே சிரிக்கும். அப்புறம் எனக்கு எந்த முகத்தையும் தர மாட்டாங்க. சாகற வரைக்கும் தக்காளிதான்."

"சரி, சுரண்டி எடுத்திருங்க."

"எடுத்தா, அந்த மனுஷன் விளக்கத்தாள்ல எழுதின தழும்பு எங்கேன்னு கேட்பார். என்ன சொல்ல? 'அது கிளினிக்ல குத்தினது, தோழர் பேராசிரியர்'னா? அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசின மனுஷர். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணையும் குழந்தையையும் என்கிட்ட விடுவாரா?"

ஸ்பாஸ் சிரிப்பை நிறுத்தினான். மாதிரி அச்சை மறுபடி பார்த்தான்.

"எடுக்காதீங்க அக்கா."

"ஏன்டா?"

"புருவம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா இந்தத் தழும்பு ஓரத்துல கொஞ்சம் கோணலா இருக்கு பாருங்க, குத்தும்போது நான் திமிறினேன். எங்கம்மா பார்த்தா இதை வச்சுத்தான் கண்டுபிடிப்பா. இதை எடுத்துட்டா அது யாரோ ஒரு காட்டுமிராண்டி."

கதவருகே செருமல் கேட்டது. உலையைப் பார்த்துக்கொள்ளும் மெட்டோடி அண்ணன், கையில் இடுக்கியோடு.

"நெவேனா, துண்டு தயாரா? உலை காயுது."

"ஒரு நிமிஷம் அண்ணே."

அவள் எஃகுத் துண்டைத் தன்பக்கம் இழுத்தாள். சுரண்டியைக் கையில் எடுத்து, அதன் முனையை அந்தச் சின்ன வட்டத்தின் விளிம்பில் வைத்து

6

இங்கே நிறுத்துகிறேன். ஏனென்றால் இதற்குமேல் நான் எழுதிப் பார்த்தது எதுவும் நிற்கவில்லை.

முடிவு அ: சுரண்டினாள். பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்து, மன்னித்து, பத்தியை நீக்கி... இல்லை. திராகனோவை எனக்குத் தெரியும், நான்தானே உண்டாக்கினேன். அவர் மன்னிக்கிற ஆள் இல்லை.

முடிவு ஆ: அப்படியே விட்டாள். வெளியீட்டு விழாவில் ஒரு மருத்துவர் எழுந்து நின்று... இதை இரண்டு பக்கம் எழுதினேன். வேடிக்கையாக இருந்தது. நெவேனாவின் முகத்தை எழுத வேண்டிய இடம் வந்ததும் கிழித்துவிட்டேன்.

முடிவு இ எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனாலேயே அதை நம்பவில்லை. அதில் நெவேனா சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை மெட்டோடியிடம் கொடுத்துவிடுகிறாள். பிறகு பானையோடு நிற்கும் பெண்ணைச் செதுக்கும்போது அவள் இடது தோளிலும் ஒரு வட்டம் வைக்கிறாள். குழந்தையின் தோளிலும், இன்னும் ஆறாத புண்ணாக, ஒரு வட்டம். ஒருவனுக்கு இருந்தால் பிழை. கூட்டத்துக்கே இருந்தால் பண்பாடு.*

* யோசித்துப் பார்த்தால் பேராசிரியர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. வரிசை, வெள்ளை உடுத்த பெரியவர், ஊசி, அலறல், காய்ச்சல், சாவு தொடாது என்ற நம்பிக்கை. காலத்தை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டார். நாளைக்கு நம் எலும்பைத் தோண்டுபவர்கள் இவ்வளவு சரியாகச் சொல்வார்களா?

7

சென்ற வாரம் கிரிலிடம் மறுபடி போனேன். இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அந்தப் பொம்பளை எடுத்தாளா, விட்டாளா?"

"தெரியலை. அதான் முத்திரை மறைச்சிருக்கே."

"கதை எழுதுற ஆளுக்கே தெரியலைன்னா எப்படி சார்?" பெட்டிக்குள் துழாவி, ஒரு மெழுகுத்தாள் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல மூணும் இருக்கு. ஆணு, பொண்ணு, பிள்ளை. முத்திரை விழாதது. பிரிச்சுப் பாருங்க, முடிஞ்சுபோகும் உங்க கதை."

வாங்கிக்கொண்டேன். பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்து, ஆணுக்கு மட்டும் வட்டம் இருந்தால் நெவேனா தோற்பாள், வட்டமே இல்லாவிட்டால் ஸ்பாஸ் தோற்பான். மூன்றாவதாக, மூன்று தோளிலும் வட்டம் இருந்துவிட்டால், நான் கற்பனை செய்த முடிவு எப்போதோ நடந்து முடிந்தது, என் கதையை நான் எழுதவே இல்லை என்றாகிவிடும். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

உறை இதோ, இந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. உங்களுடையது. திறப்பதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: சட்டைக் கையை மேலே தள்ளி, உங்கள் இடது தோளைப் பாருங்கள். அங்கே வட்டம் இருக்கிறதா? இத்தனை நாளாக அதைப் பார்த்தீர்களா?

சரி. சுரண்டி இப்போது உங்கள் கையில். எடுப்பதா, விடுவதா? சீக்கிரம் சொல்லுங்கள். மெட்டோடி அண்ணன் இன்னும் கதவருகேதான் நிற்கிறார், உலை காய்ந்துவிட்டது.