பெஞ்சு மாமாவின் குரல்

எனக்குக் கால்பந்து தெரியாது. பந்து வலைக்குள் போனால் கோல் என்பதோடு என் ஞானம் சரி. ஆனால் பெஞ்சு மாமா பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கி எழுதியிருக்கிறேன். வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடுவதுதான் என் பிழைப்பு. யோகா டீச்சர், வக்கீல், பூச்செடி விற்பவர் என்று எனக்கு வாடிக்கையாளர்கள் பலர். அவர்களில் வாரம் தவறாமல் வேலை கொடுத்தவர் மாமா ஒருத்தர்தான்.

அவர் செய்தது ஃபேன்டஸி ஃபுட்பால் அலசல். நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளாளுக்கு ஒரு கற்பனை அணி அமைத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர் மைதானத்தில் கோல் அடித்தால் இவர்களுக்குப் புள்ளி. கேப்டனாக வைத்தவர் அடித்தால் இரட்டிப்பு. யாரை எடுப்பது, யாரைக் கழற்றிவிடுவது என்று வாராவாரம் ஆட்டத்துக்கு முன்னால் மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்கு மாமா சொன்னதுதான் வேதம். யாரை வெளியே உட்கார வைப்பது என்று சொல்வதில் கில்லாடி என்பதால் பெஞ்சு மாமா என்று பெயர் வந்தது.

முகத்தைக் காட்டவே மாட்டார். திரையில் பச்சை மைதானமும் அதன்மேல் சட்டைப் படங்களும் மட்டும் நகரும். பின்னால் அந்தக் குரல். கனத்த, அவசரமே இல்லாத குரல். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கும். "அவனை நம்பி கேப்டன் பட்டையைக் கட்டிட்டு நாளைக்குக் காலையில எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது, சொல்லிட்டேன்" என்பார். தட்டச்சு செய்துகொண்டே தனியாகச் சிரித்திருக்கிறேன்.

சீசன் நடுவில் கொஞ்ச நாள் வீடியோ வரவில்லை. தொண்டை சரியில்லை என்று ஒரு வரி போட்டிருந்தார். பிறகு வந்தது. அதே குரல், அதே கேலி. நாள் பூராவும் ஹெட்ஃபோனும் காதுமாகக் கிடக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் அதன் பிறகு வந்த வீடியோக்களில் இன்னொரு குரல் இருந்தது.

முதலில் தெருச்சத்தம் என்று நினைத்தேன். ஒலியைக் கூட்டிக் கேட்டபோது அது ஒரு பெண்ணின் பேச்சு. மாமா ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு விடும் இடைவெளியில் மட்டும் வந்தது. அவருக்குப் பதில் சொல்வது போல. ஒரு வாரம் விட்டுப்பார்த்தேன். அடுத்த வாரமும் இருந்தது. எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் கேக்குது சார். அதையும் போடணுமா?"

பதில் வர ரொம்ப நேரமாயிற்று. வந்தது இரண்டே வார்த்தை.

"என்ன சொல்றாங்க?"

அவர் வீட்டில், அவர் பேசும்போது, அவருக்கே கேட்காத குரலா? திரும்பவும் கேட்டு, புரிந்ததை அனுப்பினேன். 'பாத்ரூம் பல்பு மினுக்கிக்கிட்டே இருக்கு, பாத்தீங்களா.' 'சாப்பிட்டுட்டுப் பேசக் கூடாதா.' 'இன்னிக்கு உங்க குரல் ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கு.'

"அதை எழுதாதீங்க மேடம்," என்று பதில் வந்தது. "ஒரு தடவை வீட்டுக்கு வர முடியுமா? அந்தச் சத்தம் உள்ள வராம எப்படிப் பதிவு பண்றதுன்னு சொல்லிக் கொடுங்க."

புருஷன் பெண்டாட்டி விஷயம் போல, நமக்கெதற்கு என்று தோன்றியது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மத்தியான நேரத்தில் போனேன். அடுக்குமாடிக் கட்டடம். கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். தலையை இழுத்து வாரி, பளிச்சென்று உடுத்தி, யாரோ வரப்போவதற்குத் தயாராக இருப்பவள் மாதிரி நின்றாள்.

"மாமாவைப் பாக்க வந்தீங்களா? வாங்க. அவர் வர்ற நேரம்தான்."

எனக்குப் பின்னால் லிஃப்ட் திறந்தது. நீலச் சீருடையில், தோளில் கருவிப் பையோடு ஒல்லியான ஒரு ஆள் வந்தான். லிஃப்ட் கம்பெனியின் பெயர் சட்டையில் தைத்திருந்தது. ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் என்று ஒதுங்கி வழிவிட்டேன்.

"வந்துட்டீங்களா மேடம்? நான்தான் பெஞ்சு மாமா," என்றான். மெல்லிய, கீச்சென்ற, வார்த்தைகள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளுகிற குரல்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. தாடையைக் கொஞ்சம் இறக்கி, "வணக்கம் மக்களே, எல்லாரும் டீமைப் போட்டாச்சா?" என்றான்.

அதே குரல். அந்த ஒல்லிக் கழுத்திலிருந்துதான் அந்தக் கனத்த குரல் வந்தது. கதவருகே அந்தப் பெண் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த செருப்புகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

அவள் காபி போடப் போனதும் அவன் என்னை பால்கனிக்குக் கூட்டிப்போனான்.

"மாமா என் அண்ணன், மேடம். செத்துட்டார். தொண்டைன்னு போட்டிருந்தோமே, அப்பதான். நெஞ்சு வலி. சின்ன வயசுலேர்ந்து நான் அவர் மாதிரிப் பேசுவேன். ஸ்கூலுக்கு போன் பண்ணி அண்ணன் குரல்ல எனக்கே லீவு சொல்லியிருக்கேன்." ஒரு கணம் முகத்தில் குறும்பு வந்து போயிற்று. "அவர் போன பிறகு அண்ணி கட்டிலை விட்டு எந்திரிக்கவே இல்ல. பச்சத்தண்ணி இறங்கல. கீழ கமெண்ட்ல ஜனங்க மாமா எங்க, மாமா எங்கன்னு உயிரை எடுக்கறாங்க. ஒரே ஒரு தடவைன்னு பேசிப் போட்டேன். பேசிட்டு வெளிய வந்தா அண்ணி அடுப்படியில நிக்கறாங்க. சாப்பாடு எடுத்து வெச்சிருந்தாங்க. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

"அவங்களுக்கு நீங்கதான்னு தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஆனா நான் கதவைச் சாத்திக்கிட்டு பேசற வரைக்கும் அவர் இருக்கார். நான் வெளிய வந்ததும் அவங்க முகத்தைப் பாக்கணுமே. என்னைப் பாத்ததும் அப்படியே அணைஞ்சு போயிடும். வாராவாரம் நான்தான் மேடம் எங்க அண்ணனைக் கொல்றேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பத் திணறிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பும்வரை அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு சொன்னா நம்புவீங்களா? எனக்கு இந்த ஆட்டம் அவ்வளவாத் தெரியாது. முதல்ல ஆஸ்பத்திரியில அண்ணன் சொன்னதை வெச்சு ஓட்டினேன். அப்புறம் நாலு பேர் பேசறதைக் கேட்டுக் கலந்து அடிச்சேன். இப்ப அதுவும் இல்ல. அந்தக் குரலை எடுத்தா பேரு தானா வருது. யாரைச் சொன்னேன்னு வெளிய வந்து போட்டுக் கேட்டாத்தான் எனக்கே தெரியுது. சொன்னதெல்லாம் பலிக்கவும் செய்யுது."

காபி வந்தது. அதன் பிறகு அவன் பதிவு செய்யும் அறையைக் காட்டினான். படுக்கையறைதான். சுவரோடு சேர்ந்த துணி அலமாரிக்குள் மைக் வைத்திருந்தார்கள். எதிரொலி வராமல் இருக்க அண்ணன் கண்டுபிடித்த வழியாம். உள்ளே அண்ணனின் சட்டைகள் அப்படியே தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவன் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். அந்த அக்கா என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் தரையில் உட்கார்ந்து, அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

ஹேங்கர் உரசியது. துணி சரசரத்தது. பிறகு மாமா வந்தார்.

"வணக்கம் மக்களே. போன வாரம் என் பேச்சைக் கேக்காம பெருசா அடி வாங்கிட்டு வந்திருக்கீங்க, தெரியும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் ஒரு பாதுகாப்பு ஆட்டக்காரரை வாரினார். அவள் "பாவம், விடுங்க" என்றாள். அவர் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரை எடுக்கச் சொன்னார். அவள் மாடி வீட்டில் ஆள் மாறிவிட்டதைச் சொன்னாள். அவருக்கு இவள் பேச்சு எட்டவில்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, பல வருஷம் குடித்தனம் நடத்திய இருவர் ஆளுக்கொரு வேலையாகப் பேசிக்கொள்வது போலவே இருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

கேப்டன் யார் என்று சொல்வதற்கு முன் அவர் நிறுத்தினார். அப்போது அக்கா தலையைத் திருப்பி, கதவில் வாயை வைத்து, சத்தமாகவே கேட்டாள்.

"அன்னிக்கு வலிச்சுதா உங்களுக்கு?"

இது உள்ளே கேட்டுவிட்டது. மூச்சு நின்றது எனக்கு ஹெட்ஃபோனில் தெரிந்தது. பிறகு அந்தக் கீச்சுக்குரல்:

"அண்ணி..."

"உன்னைக் கேக்கலப்பா," என்றாள் அவள். கோபமே இல்லை. குழந்தையை நகர்ந்து உட்காரச் சொல்வது போலச் சொன்னாள்.

முக்காலி கிறீச்சிட்டது. பிறகு மாமாவின் குரல் வந்தது. "இல்லம்மா. வலிக்கல. தூக்கம் வந்த மாதிரிதான் இருந்துச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறையை விட்டுப் போனாள். அலமாரிக்குள் அவர் கேப்டன் பெயரைச் சொல்லவில்லை.

அவன் என்னை வழியனுப்பக் கீழே வந்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் படியில்தான் இறங்கினான். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"அண்ணி அப்ப மருந்து வாங்கப் போயிருந்தாங்க. நான் மட்டும்தான் பக்கத்துல. வலிச்சுது மேடம். ரொம்ப வலிச்சுது. என் கையை விடவே இல்ல." இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இனிமே சொல்லவும் முடியாது. அவரே வந்து இல்லேன்னு சொல்லிட்டாரே."

வீட்டுக்கு வந்து, பதிவிலிருந்து அக்காவின் கேள்வியும் அந்தப் பதிலும் இருந்த பகுதியை வெட்டி எடுத்தேன். வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது, அழித்துவிட்டேன். என்ன பிரயோசனம்? இன்றைக்கும் யார் பேச்சையாவது எழுதும்போது நடுவில் கொஞ்சம் மௌனம் வந்தால் என் விரல்கள் நின்றுவிடுகின்றன. ஒலியைக் கூட்டுகிறேன். பெரும்பாலும் மின்விசிறிச் சத்தம்தான்.

அடுத்த வாரம் அவன் சொந்தக் குரலில் ஒரு வீடியோ போட்டான். அண்ணன் இறந்துவிட்டார், இத்தனை நாள் பேசியது தான்தான், மன்னித்துவிடுங்கள் என்றான். நான்தான் அதற்கும் எழுத்துப் போட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. 'மாமா, விளையாடாதீங்க', 'இந்தக் குரல் சகிக்கல, பழையபடி பேசுங்க', 'கேப்டன் யாருன்னு மட்டும் சொல்லிட்டுச் சாவுங்க' என்று எழுதித் தள்ளினார்கள். கொஞ்ச நாளில் வேறொரு அலசல்காரரிடம் கூட்டம் நகர்ந்துவிட்டது.

மாதங்கள் கழித்து அக்காவைப் பார்த்தேன். சலவைக்கடை ஒன்றில் துணி வாங்கிப்போடும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"தம்பி எப்படி இருக்கார்க்கா?" என்றேன்.

"நல்லா இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவான். நம்ம வீட்டுலதான் சாப்பாடு."

"பேசறாரா?"

ஒரு சட்டையின் காலரில் சீட்டைக் குத்திக்கொண்டே அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதான் வம்பாப் போச்சு. அவன் சொந்தக் குரல்ல பேச வாயைத் திறந்தாலும் நடுவுல ஒரு வார்த்தை அவர் மாதிரி வந்து விழுந்துடுது. அவன் வேணும்னு பண்றதில்ல. அவனுக்கே பயமா இருக்கு. எனக்கும்தான்."

"அப்புறம் என்னக்கா பண்றீங்க?"

"எதிரெதிர்ல உக்காந்து போன்ல டைப் அடிச்சுக்கறோம்," என்றாள். "குழம்புல உப்பு கம்மின்னாக்கூட மெசேஜ்தான். சிரிக்காதீங்க. முதல்ல எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு."

நான் சிரிக்கவில்லை. பின்னால் ஆள் வந்து நின்றார்கள். அவள் அடுத்தவர் துணிப்பையை வாங்கக் கையை நீட்டினாள்.