தாலி ஏறாத ஜோடி

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். பதிவுகாரர் வந்து, நானும் துஷாந்தும் கையெழுத்து வைத்து, சாட்சிகளுக்குக் கேக்கும் சோடாவும் கொடுத்தாயிற்று. சட்டப்படி அவர் என் புருசன். ஆனால் தாலி ஏறவில்லை. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வருஷம் திரும்பும்வரை வீட்டில் நல்ல காரியம் கூடாதாம். அவர் கொழும்பில், நான் கந்தப்பளையில். அம்மாவுக்கு அவர் இன்னும் 'அந்தத் தம்பி'தான். போனில் நாங்கள் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஒரு வீட்டுக்கு எத்தனை வெங்காயம்தான் வேண்டும்!

எங்கள் பழக்கமே கோல்ஃப் மைதானத்தில்தான். எனக்குப் புல்லில் களை பிடுங்கும் வேலை. அவர் விளையாட வருகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். ஆளில்லாத மாலைகளில் பந்தை உருட்டிக் குழிக்குள் விட எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான். பிறகு கொழும்பில் ஒரு மைதானத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

இந்த முறை கோல்ஃப் மைதானத் தொழிலாளர்களுக்கான போட்டிக்குப் புருசன் பெண்சாதியாக ஒரு ஜோடியை அனுப்பப் போவதாகக் கிளப்பில் சொன்னார்கள். ஒருவர் இங்கே வேலை செய்தால் போதும். கண்டியில் இரண்டு நாள். தங்க அறையும் உண்டு. அறை! பரிசு யாருக்கு வேண்டும்? அவர் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சரி, அவ்வளவுதான் என்றால் பொய்.

தேர்வு நாளில் துஷாந்த் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். அம்மாவும் காவலுக்கு வந்து வேலியோரம் குடை பிடித்து நின்றாள். ஜோடியில் இருவரும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். அவர் தூக்கி அடித்தார், நான் உருட்டினேன். கிளப்பிலேயே வேலை பார்க்கும் றிச்சர்ட், ஷெரோமி ஜோடியை மயிரிழையில் முந்திவிட்டோம்.

கிளப் செயலாளர் ஐயா கண்டிக்குப் பெயர் கொடுக்கப் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க கலியாணம் கட்டினவங்கதானே?"

துஷாந்த் வேலிப்பக்கம் பார்த்தார். அம்மாவின் குடை அங்கேதான் நின்றது.

"இன்னும் இல்லீங்க ஐயா. தையிலதான்."

அடப் பாவி மனுசா!

"ஐயா, ரெஜிஸ்டர் பண்ணியாச்சுங்க! இவரு என் புருசனுங்க!" என்று கத்திவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. அதற்குள் ஐயா மற்ற ஜோடியின் பெயரைப் போனில் சொல்லி முடித்திருந்தார்.

"அவரே இல்லன்னுட்டாரே தங்கச்சி, நான் என்ன செய்ய?" என்றார். றிச்சர்டுக்கும் ஷெரோமிக்கும் என்ன, சர்ச்சில் மோதிரமும் கையெழுத்தும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டுவரை நான் விடுவிடுவென்று முன்னால் நடந்தேன்.

"மாமி நிக்கிறப்போ எப்படி லோஜி சொல்றது? தாலி கட்டாம பொண்டாட்டின்னு சொன்னா ஊரு உன்னையத்தானே பேசும்?" என்றார் அவர். அது எனக்கும் தெரியும். தெரிந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா?

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மரக்கறி வாங்கணும்," என்று கடைப்பக்கம் போய்விட்டாள். எங்கள் வீட்டைச் சுற்றி விளைவதே மரக்கறிதான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்துவிட்டது. ஏறிப் படியில் நின்றபடி டவுனே கேட்கக் கத்தினார்:

"பொண்டாட்டி! போய்ட்டு வர்றேன்!"

"அதை அங்க சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நானும் கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. பஸ் வளைவில் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உன் புருசன் போய்ட்டாரா?" என்று கேட்டாள்.