வீடு முழுவதும் எடுத்த ஈரம்

பின்னறைச் சுவர் இருமத் தொடங்கி நான்கு வருடம் ஆன பிறகுதான் அந்த வீட்டார் ஆள் கூப்பிட்டார்கள். அதுவரை காலை ஆறு மணிக்கு இரண்டு இருமல், ஏழு மணிக்கு ஒன்று என்று அது பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது. பேப்பர் போடுகிறவர்கூட அதைக் கேட்டுத்தான் நேரம் பார்த்துக்கொண்டார். தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பூனைக்குட்டியின் முதுகு மாதிரி மெத்தென்று, தொட்டால் வெதுவெதுப்பாக. வீட்டுக்காரி கணக்கு டீச்சர். ஒரே ஒரு தடவை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அது யாருடைய இருமல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகிப் போகும்வரை அந்த அறையில் படுத்து எழுந்த அவள் தங்கையின் இருமல் அது. அம்மா சாகக் கிடந்தபோது தங்கை வந்து எட்டிப்பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றவளை டீச்சர் ஊரே பார்க்க, “நீ எனக்குத் தங்கச்சியே இல்ல, போ” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சுவர் வியர்க்க ஆரம்பித்தது அன்றைக்குச் சாயங்காலம்.

முதலில் வந்த ஆள் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாளே பூஞ்சை பெயிண்டுக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது ஆள் பலகை அடித்து மறைத்தார். இருமல், போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுகிற மாதிரி பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது. இரண்டு பேருமே ஐந்து வருட உத்தரவாதம் என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களிலும் பூஞ்சை பிடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு ஃபெயில். மருந்துக்கடை வைத்திருந்த அவள் புருஷன்தான் கடைக்கு வந்த யாரிடமோ கேட்டு மூன்றாவது ஆளைப் பிடித்தார். தொழிலில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். அவர் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஒட்டகம் சொன்ன நேரத்துக்கு வந்ததே முதல் அதிசயம். ஈரம் அளக்கிற, இரண்டு ஊசி வைத்த கருவி ஒன்றைச் சுவரில் குத்திப் பார்த்தார், கதவில் குத்தினார், கட்டிலில் குத்தினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். அதில் இரண்டே கேள்விகள். ஈரம் எடுக்கவேண்டிய இடம், விட்டுவைக்கவேண்டிய அளவு.

“பன்னெண்டு சதவீதம் விட்டு வைக்கலாம் டீச்சர். எல்லாரும் அப்படித்தான் விடுவாங்க. கொஞ்சம் இருந்தாத்தான் வீடு வீடா இருக்கும்.”

“பன்னெண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது.”

“சுவத்துலயா, வீட்டுலயா?”

“எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?”

வீடு முழுவதும் என்றும், பூஜ்யம் என்றும் அவள் எழுதியிருந்தாள். விடைக்குப் பக்கத்தில் சென்டிமீட்டரா மீட்டரா என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறவள், எதன் ஈரம், யாருடைய ஈரம் என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டாள். ஒட்டகம் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தபடி வேலை செய்கிறவர் அவர். தொழிலில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததே அதனால்தான்.

ஒன்பது நாள் இயந்திரங்கள் ஓடின. ஆறாம் நாள் பூஞ்சை பொடியாகி உதிர்ந்தது. ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு இருமல் வரவில்லை. பேப்பர் வர அரைமணி நேரம் தாமதமானது. எட்டாம் நாள் டீச்சர் வெங்காயம் நறுக்கினாள், கண் கரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் கண்ணாடியில் ஆவி படியவில்லை. ஈரத் துணி கைக்கு வருவதற்குள் காய்ந்தது. ஒன்பதாம் நாள் புருஷன் விரலை வெட்டிக்கொண்டார். வெட்டு மட்டும் இருந்தது, ரத்தம் இல்லை. வெறும் காகிதத்தைக் கத்தரித்த மாதிரி அதைப் பார்த்துவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியார் செத்துப்போனதைச் சொல்ல வந்தபோது டீச்சர், “அப்படியா, எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். அதோடு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஆனாலும் வீடு சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையின் புருஷன் போன் செய்தார்.

“அண்ணி, அவளுக்கு ரொம்ப முடியல. இந்த வாரம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அக்கா அக்கான்னு உங்களையேதான் கேட்டுட்டு இருக்கா.”

“சரி. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் விடைத்தாள் திருத்தப் போனாள். நான்கு தாள் திருத்தினாள். ஐந்தாவது தாளில் சிவப்புப் பேனா நின்றது. இந்த இடத்தில் அழுகை வரவேண்டும். அது அவளுக்குக் கணக்காகத் தெரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவள், ஒரே போர்வையில் தூங்கியவள், சாகப்போகிறாள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கூட்டியாயிற்று, விடை மட்டும் வரவில்லை. இப்படியே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றால் தங்கையிடம், “எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. கழற்றிய செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஒட்டகத்தின் பட்டறைக்கு நடந்தாள்.

அங்கே பிளாஸ்டிக் கேன்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தெருவும் கதவு எண்ணும்.

“எடுத்த ஈரத்தை நாங்க கொட்டறதில்ல டீச்சர்” என்றார் ஒட்டகம். “ஒரு தடவை தெரியாம சாக்கடைல ஊத்திட்டோம். பக்கத்துக் கறிக்கடைக்காரர் மூணு நாள் கத்தியத் தொடாம உக்காந்து அழுதார்.”

“என்னோடதைக் குடுங்க.”

“சுவத்துல ஊத்துங்க. சுவர் குடிச்சு, அந்தக் காத்தை நீங்க மூச்சுல இழுத்து, மூணு மாசத்துல எல்லாம் பழையபடி ஆயிடும்.”

“மூணு மாசமா? அவளுக்கு மூணு நாள் இருந்தாப் பெரிசு.”

ஒட்டகம் தலையைச் சொறிந்தார். “வாயால குடிச்சா உடனே ஏறும். ஆனா அளவு பாத்துத் தர முடியாது. நாலு வருஷத்தோடது மொத்தமா வரும். பூஞ்சையும் கூடவே வரும்.”

“வந்துட்டுப் போகட்டும்.”

புருஷனுடைய பங்கைச் சுவருக்கு ஒதுக்கிவிட்டு, தன் பங்கை அவள் அங்கேயே நின்று குடித்தாள். ஆறு டம்ளர். உப்பும் பழைய போர்வை வாசனையுமாக இருந்தது. கடைசி டம்ளரில் மூன்று தடவை இருமினாள். நகக்கண்களில் சாம்பல் நிறம் மெதுவாக ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள். அவள் உட்கார்ந்த சீட்டின் சாய்மானத்தில் ஓதம் படர்ந்தது. கண்டக்டர், ஈரக் குடையைக் கீழே வையுங்கம்மா என்றார். அவளிடம் குடை ஏது.

ஆஸ்பத்திரியில் தங்கை எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தாள், வார்த்தைக்குப் பதில் தண்ணீர்தான் வந்தது. கண்ணிலிருந்து, முழங்கையிலிருந்து, கூந்தல் நுனியிலிருந்து. கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புகள் மிதக்க ஆரம்பித்தன. இடையில் அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான், பாப்பா. தங்கையை அவள் அப்படிக் கூப்பிட்டு இருபது வருடமாகியிருந்தது.

தங்கை கையை எடுத்து அக்காவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“போதும்க்கா. பக்கத்து பெட் நனையுது பாரு.”

“நனையட்டும் விடு” என்றாள் டீச்சர்.

வார்டு ஆயா எட்டிப்பார்த்தார். ஒரு வாளியைக் கொண்டுவந்து நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போனார். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் வாளியை மூன்று தடவை மாற்றவேண்டியிருந்தது.