சும்மா ஓடிய நேரம்

"தலையை விட்டுடாதீங்கம்மா, தலையைப் பிடிங்க" என்றார் பட்டறைக்காரர்.

அவள் பிடித்தாள். பட்டறைக்காரர் கக்கத்திலும் டாக்டர் இடுப்பிலும் கை கொடுத்து, குட்டி பொக்லைனின் சீட்டிலிருந்து அவள் கணவரை இறக்கினார்கள். நெடுநேரம் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டதால் முழங்கால் நீள மறுத்தது. ஜீப்பின் பின்பக்கம் விரித்திருந்த போர்வையில் படுக்க வைத்த பிறகும் அவர் நாற்காலியில் இருப்பவரைப் போலத்தான் கிடந்தார். மகள் முழங்காலை மெல்ல அழுத்திப் பார்த்தாள். முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். மலையடிவார மருத்துவமனையிலிருந்து கிளம்பி, வழியில் மகளையும் பட்டறைக்காரரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் எதிரே குனிந்து, "ஒரே நொடில முடிஞ்சிருக்கும்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றார்.

அந்த வார்த்தையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தான் உள்ளே உட்கார்ந்து பையில் துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தாரா, இல்லையா.

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷர். ஆயுசில் பாதியை இருட்டுக் குழிக்குள் தொங்கியே கழித்தாயிற்று, மிச்சத்தையாவது ஆகாயத்தைப் பார்த்துக் கழிக்கிறேன் என்று ஓய்வு பெற்ற கையோடு இந்தச் சரிவை வாங்கினார். ஆகாயம் தாராளமாக இருந்தது. மற்றதெல்லாம் கிடையாது. மின்கம்பி வராது. கூரைமேல் சோலார் பலகை இரண்டு, அதற்கு விளக்கு நாலு. போனில் பேச வேண்டுமென்றால் மேலே ஊற்றுப் பாறைக்கு ஏற வேண்டும். தண்ணீரும் அங்கிருந்துதான் குடம் குடமாக இறங்க வேண்டும். ஊற்றிலிருந்து சமையலறைவரை குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டச் சொன்னால், இந்த மேட்டைப் பார்த்ததுமே வேலையாட்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் அவர் ஊருக்குள் போய், பட்டறைக்காரரிடம் பழைய பொக்லைன் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அகலம் ஒரு கட்டில்.

லாரியிலிருந்து அது இறங்கியபோது, "உங்க சின்ன வீடு வந்தாச்சு போல" என்றாள் அவள். அவருக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர். வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, சின்ன வீட்டுக்குப் புதுத் தார்ப்பாய் வந்தது. மாலையில் துணியால் துடைப்பார். தன் கண்ணாடியைக்கூட அவர் அப்படித் துடைத்து அவள் பார்த்ததில்லை.

அது வந்தபிறகு சண்டை போடுவதற்கும் ஒரு புது வழி பிறந்தது. கோபம் வந்தால் அவர் பேச மாட்டார். போய் அதில் ஏறி எஞ்சினைப் போட்டுவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். அவள் வீணாவதைப் பொறுக்காத ஜென்மம் என்று அவருக்குத் தெரியும். பத்து நிமிஷம்கூடத் தாங்க மாட்டாள். "டீசல் என்ன ஊத்துல வருதா?" என்று கத்திக்கொண்டே போவாள். அவர் மடியைத் தாண்டிக் கை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைப்பாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பாள். அவர் பின்னாலேயே, "ஆபீசரம்மா உத்தரவு" என்று முணுமுணுத்துக்கொண்டு வருவார். சண்டை முடிந்தது என்று அர்த்தம். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டது கிடையாது.

இன்று காலை அவள், மகள் வீட்டுக்கே போகிறேன் என்றாள். முன்பும் சொன்னதுதான். இன்று முதுகு வலி அதிகம், குடத்தை இறக்கி வைத்தவுடன் வாயில் வந்துவிட்டது. "குழாய் வந்துடும், இன்னும் ஒரு மாசம்" என்றார் அவர். "நீங்க போய் அதுகூடவே குடித்தனம் நடத்துங்க" என்றாள். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் மண் வாரும் சத்தம் கேட்டது. அப்புறம் எஞ்சின் சத்தம் இறங்கி, ஒரே சீராக உறுமத் தொடங்கியது.

ஆரம்பிச்சாச்சு என்று நினைத்தாள். இன்னிக்கு நான் வரப்போறதில்லை, டேங்க் காலியாகட்டும். கட்டிலின் கீழிருந்து பையை எடுத்தாள். புடவைகளை மடித்தாள், மருந்து டப்பாவை வைத்தாள், கண்ணாடிக் கூட்டைத் தேடினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருகட்டத்தில் அவருடைய பிடிவாதத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இந்த வயதில் என்ன வீம்பு.

கடைசியில் தோற்றது அவள்தான். போனாள். கத்தினாள். முகத்தைப் பார்க்காமலே கை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். திரும்பி நடந்தாள். பாதி வழி வந்த பிறகுதான், பின்னால் யாரும் முணுமுணுக்கவில்லை என்பது உறைத்தது.

"இதைக் கொஞ்சம் ஓரம் கட்டினாத்தான் ஜீப்பைத் திருப்ப முடியும்" என்று பட்டறைக்காரர் சீட்டில் ஏறினார். ஏறியவர் சாவியைத் தொடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் சார். பக்கெட்டைத் தரையில அழகா இறக்கி வச்சிருக்கார். லாக் லீவரையும் தூக்கி விட்டிருக்கார். அதைத் தூக்கிட்டா கை தவறிப் பட்டாலும் வண்டி அசையாது. இறங்கத்தான் பாத்திருக்கார்."

மகள் கிட்டே வந்தாள். பட்டறைக்காரர் இன்னும் குனிந்து, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். தொழில் புத்தி. நல்லவர், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் ஆயில் மாத்திட்டு மீட்டரைக் குறிச்சு ஒட்டிட்டுப் போனேன். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு. ஆனா தோண்டினது பாருங்க, பத்தடிகூட இல்ல. அரை மணி வேலை."

"மீதி நேரம்?" என்றாள் மகள்.

"சும்மா ஓடியிருக்கு."

மகள் வீட்டைப் பார்த்தாள். எண்பது தப்படி இருக்கும். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கரண்டி மாட்டியிருப்பதுகூட இங்கிருந்து தெரிந்தது.

"அம்மா. ஒன்றரை மணி நேரம் சும்மா ஓடியிருக்கே. உனக்குக் கேக்கலையா?"

பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே, எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். பாம்புக் காது என்று தலைமையாசிரியரே சொல்வார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தாள். மகளின் கண் அழுது வீங்கியிருந்தது. அதில் இன்னும் அம்மா மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"கேக்கலை" என்றாள்.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லடி."

மகள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் இளகிவிட்டது. "போன மாசம் போன்ல நான் ஒரு விஷயத்தை மூணு தடவை சொல்லியும் உனக்குப் புரியல. அப்பவே நெனச்சேன்" என்றாள். அது பாறை மேல் அடித்த காற்று. அவள் திருத்தவில்லை. மகள் நெருங்கி வந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, காதருகே உரக்கச் சொன்னாள்: "விடும்மா! உன் தப்பு இல்ல! கேக்கலைன்னா நீ என்ன பண்ணுவ!"

காது வலித்தது. அவள் தலையாட்டினாள்.

பட்டறைக்காரர் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தார். நேற்று ஆயில் மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் இயந்திரத்துக்கு அடியிலிருந்து தனக்குத்தானே தேநீர் கிடைத்தால் தேவலை என்று சொன்னதைக் கேட்டு, சமையலறையிலிருந்து இதோ வருது என்று குரல் கொடுத்தவள் அவள். அவர் சாவியைத் திருப்பி, வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதை நான் எடுத்துட்டுப் போயிடவாம்மா?" என்று கேட்டார். சாதாரணக் குரலில்தான் கேட்டார். அவள் மகளைப் பார்த்தாள்.

"இதை எடுத்துட்டுப் போயிடவான்னு கேக்கிறாரும்மா!" என்றாள் மகள்.

"எடுத்துட்டுப் போகச் சொல்லு."

பட்டறைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு "சரிங்கம்மா" என்றார்.

துணி எடுத்துக்கொள்ள மகளும் கூடவே உள்ளே வந்தாள். கட்டிலின் மேல் பை நிறைந்து, ஜிப் போட்டபடி இருந்தது. "அதுக்குள்ள எடுத்து வச்சிட்டியா? நாங்க வர்ற வரைக்கும் தனியா உக்காந்து இதைத்தான் பண்ணிட்டிருந்தியாம்மா?" என்று மகள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பையையா அம்மாவையா என்று தெரியாதபடி இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழ ஆரம்பித்தால் வாய் எதையாவது சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது.

ஜீப்பில் அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, வளைவுகளில் அவர் உருண்டுவிடாமல் தோளில் கை வைத்துக்கொண்டாள். முன்னால் டாக்டர் ஓட்ட, மகள் பக்கத்தில் இருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மகள் திரும்பி, "பிடிச்சுக்கம்மா!" என்று கத்தினாள்.

பாதை கொஞ்சம் சமமானது. வண்டியின் இரைச்சல் குறைந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா" என்றாள் மகள். முதலில் குரலைத் தாழ்த்தினாள். அப்புறம் அதற்கு அவசியமில்லை என்று தோன்றிவிட்டது போல, இயல்பாகவே பேசினாள். "அப்பா நிஜமாவே உடனே போயிட்டாரா?"

டாக்டர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். அவள் போர்வையின் ஓரத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட அப்படித்தானே சொல்ல முடியும்" என்றார். "சட்டை பட்டன் மூணு கழட்டியிருந்துச்சு. துண்டு வேர்வையில நனைஞ்சு கெடந்துச்சு, தொடைச்சுத் தொடைச்சு வச்சிருக்கார். வண்டியையும் ஒழுங்கா நிறுத்தியிருக்கார். அரை மணி நேரமாவது இருந்திருப்பார். ஒரு மணி நேரம்கூட இருக்கலாம்."

"கூப்பிட்டிருப்பாரோ?"

"கத்துற அளவுக்குத் தெம்பு இருந்திருக்காது. யாராவது வருவாங்கன்னு பாத்துட்டு உக்காந்திருப்பார்."

"அம்மா போய் அணைக்கிற வரைக்கும் ஓடிட்டிருந்துச்சாம். எஞ்சினையாவது அவரே அணைச்சிருக்கலாம். சத்தம் நின்னிருந்தா அம்மாவே என்னன்னு வந்து பாத்திருப்பா."

"அம்மாவுக்குத்தான் கேக்காதே" என்றார் டாக்டர்.

"ஆமால்ல" என்றாள் மகள்.

எஞ்சினை அவர் ஏன் அணைக்கவில்லை என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை வரவழைக்க அவரிடம் இருந்த ஒரே வழி அதுதான். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவளுக்கு ஓவென்று கதற வேண்டும் போலிருந்தது. அவர் தோளில் இருந்த கையை எடுக்காமல், தாடையை இறுக்கிக்கொண்டு, வண்டியின் தரையில் இருந்த ஒரு துரு ஓட்டையையே பார்த்தாள். ஓட்டை வழியாகப் பாதை ஓடியது.

"அம்மா, தண்ணி குடிக்கிறியா?" என்றாள் மகள்.

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

"அம்மா! தண்ணி வேணுமா!"

நிமிர்ந்து, கையைக் காதோரம் கொண்டுபோய், "என்னடி?" என்றாள்.