கோட்டைப் பிள்ளை

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் இருந்த காலம். கிடங்கைப் பார்த்துக்கொண்ட துரையின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பீட்டருக்குப் பால் கொடுக்க, ஏரிக்கு அக்கரையில் இருந்த கடலோரக் குப்பத்து வேலம்மாவை அமர்த்தினார்கள். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது. கணவன் தேசப்பன் காலில் திருக்கை மீனின் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டதால் அவன் கடலுக்குப் போக முடியவில்லை. கோட்டையில் கொடுத்த அரிசிதான் அந்த வீட்டுக்குச் சோறு.

காலையில் ஓடத்தில் போவாள். பால் கொடுத்ததும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வந்துவிட வேண்டும். தூக்கிப் பழக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்பது துரையின் எண்ணம். மதியமும் பொழுது சாயவும் மறுபடி அதே ஏரி, அதே ஓடம். வீட்டில் மகள் லோகநாயகி பசியில் அலறிக்கொண்டிருப்பாள்.

பீட்டர் அலறுவதில்லை. முதலில் அழுதான். யாரும் வராததால் நாளடைவில் நிறுத்திவிட்டான். சமர்த்துப் பிள்ளை என்று துரை மகிழ்ந்தார். ஆனால் வயிறு நிறையக் குடித்தும் உடம்பு ஏறவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் உத்தரத்தையே பார்த்துக் கிடந்தான்.

"இன்னாடி வேலம்மா, இதுக்குக் காது கேக்கலியா?" என்றாள் செசிலியா. பிள்ளைக்குத் துணி மாற்றுகிற கோட்டை வேலைக்காரி அவள்.

"கேக்குது. திரும்பத்தான் மாட்டேங்குது."

மழைக்காலம் வந்ததும் வேலம்மாவால் முடியவில்லை. துரையின் முன்னால் போய் நின்றாள்.

"போய்ட்டு வந்துட்டு இருக்க முடியல, தொரை. புள்ளைய குப்பத்துக்குத் தூக்கினு போறேன். இல்லாங்காட்டி வேற ஆளப் பாருங்க."

செசிலியா அதைத் துரைக்கு அவர் மொழியில் எடுத்துச் சொன்னாள். பிள்ளை இளைப்பதைக் கண்டு பயந்திருந்த துரையும் சம்மதித்தார்.

குடிசையில் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்துவிட்டு வேலம்மா மீன் காயப்போடப் போய்விடுவாள். காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் தேசப்பனின் மடிதான் பீட்டருக்கு இடம். தேசப்பன் கிழிந்த வலையைப் பொத்துவான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பிள்ளையிடம் சொல்வான். பிள்ளை முனகினால் தானும் முனகுவான். ஒரு நாள் பிள்ளை சிரித்தது. பிறகு அழவும் ஆரம்பித்தது, தேசப்பன் எழுந்து போனால் மட்டும்.

"பால் குடுக்கறவ நானு. அழறது உனக்கா?" என்றாள் வேலம்மா.

"எனக்கின்னா தெரியும்? தூக்கினு குந்தினு கீறேன், அவ்ளோதான்."

அவளுக்கு உள்ளே கொஞ்சம் வலித்தது. சண்டை போடத் தெம்பில்லை. படுத்துவிட்டாள்.

நடக்கத் தொடங்கியதும் பீட்டர் மணலில் கொஞ்ச தூரம் போவான். நின்று, தேசப்பன் இருக்கிறானா என்று திரும்பிப் பார்ப்பான். இருந்தால் இன்னும் கொஞ்சம் போவான்.

அப்போதுதான் செசிலியா வந்து சொன்னாள்: "தொரைக்கு நாகப்பட்டணத்துக்கு மாத்தல். கப்பல் வரப்போவுது. புள்ளைய வளக்க நானும் கூடப் போறேன்."

அவள் கையை நீட்டியதும் பீட்டர் அலறிக்கொண்டு தேசப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"தூங்கசொல்ல தூக்கினு போய்டு. என்னால பாக்க முடியாது," என்றான் தேசப்பன்.

"வாணாம்," என்றாள் வேலம்மா. "முழிச்சா உன்னத் தேடும். தேடித் தேடி, பழையபடி அழாம கெடக்கும். செசிலியா, கப்பல் வர வரைக்கும் நீ இங்க வந்து குந்து. உன்னப் பாத்துப் பழகட்டும்."

செசிலியா தினமும் வந்தாள். பீட்டர் முதலில் தேசப்பனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அப்புறம் அவள் கையிலிருந்து நுங்கை வாங்கிக்கொண்டு ஓடிவந்து தேசப்பன் பக்கத்தில் வைத்துத் தின்றான். கடைசியில் அவள் மடியில் உட்கார்ந்தான், ஒரு கண் தேசப்பன் மேலேயே.

கப்பல் தூரத்தில் நின்றது. தேசப்பன் நொண்டிக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகிலிருந்த செசிலியாவிடம் பிள்ளையைக் கொடுத்தான்.

"நைனா வரலடா. செசிலியாம்மா கூடவே இருப்பாங்க."

பீட்டர் இரண்டு கைகளையும் நீட்டிக் கதறினான். படகு நகர்ந்தது. முதல் அலை தூக்கியடித்ததும் பயந்துபோய், செசிலியாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

தேசப்பன் கரையேறி வந்தான். "அவளப் புடிச்சிக்கினான்," என்றான். நல்லதுதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பித் திரும்பிப் படகைப் பார்த்தான்.

வேலம்மா ஈர மணலில் உட்கார்ந்து லோகநாயகிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு மாரில் பால் கட்டிக்கொண்டு கடுத்தது.

"வூட்டுக்குப் போலாமா?"

"கொஞ்சம் இரு. எழுந்திருக்க முடியல."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.